ஒரு யூ, ஒரு அடிக்கோடு

மாமா முதலில் அதைப் பல்லி என்றுதான் நினைத்திருக்கிறார். இரண்டு ராத்திரி டார்ச் அடித்துத் தேடியிருக்கிறார். மூன்றாம் நாள், 2024 மே 31, வெள்ளிக்கிழமை இரவு எனக்கு போன் வந்தது.

"பாப்பா, அந்தப் பல்லி உன் பொட்டிக்குள்ள பூந்துட்டிருக்கு போல. டொக் டொக்குனு அடிக்குது. கொஞ்ச நேரம் கம்முனு இருக்குது, திரும்பவும் அடிக்குது. தொறந்து உட்டுடவா?"

"தொடாதீங்க மாமா. ஸ்விட்சையும் அணைக்காதீங்க. நான் வரேன்."

சர்வர்களோடு வேலை செய்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். டிஸ்க்குக்குள் தட்டு சுழல்கிறது, அதன்மேல் மயிரிழை உயரத்தில் ஒரு முள் ஓடுகிறது. முள்ளுக்குத் தன் இடம் தெரியாமல் போனால் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி முயலும். திரும்பி வந்து இடிப்பதுதான் அந்த டொக். பல்லி சத்தம் போட்டால் நல்லது நடக்கும் என்பார்கள். இது அந்தப் பல்லி இல்லை.

மாமா பொட்டி என்று சொன்னது, சுண்ணாம்புக்குளத்தில் அவர் வீட்டு முன்னறையில் டிவிக்குப் பக்கத்து ஷெல்பில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர். 2019-இல் நான் கட்டியது. உள்ளே 2 டிபி டிஸ்க் இரண்டு, டெபியன் லினக்ஸ். ஒன்றுக்கொன்று கண்ணாடி மாதிரி வைத்திருந்தேன். எதை எழுதினாலும் இரண்டிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் இன்னொன்று இருக்கும். இதற்கு ரெய்டு என்று பெயர். 1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த பெயர். விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்கை நம்புவதற்குப் பதிலாக மலிவான பலவற்றைச் சேர்த்து நம்பலாம் என்பது அவர்கள் வாதம். அவர்கள் நம்பர் போட்டுப் பிரித்ததில் முதல் வகை இந்தக் கண்ணாடி. நான் இதையெல்லாம் விளக்கியபோது அத்தை பயந்துவிட்டார். "நம்ம ஊட்டுல ரெய்டா?"

ஏன் சென்னையில் வைக்காமல் அங்கே கொண்டு போய் வைத்தேன்? வாடகை வீடு மாறிக்கொண்டே இருந்தேன் என்பது ஒரு காரணம். ஏரிக்கரைப் பொருள் ஏரிக்கரையிலேயே இருக்கட்டும் என்ற வீம்பு இன்னொன்று. 2017-இலிருந்து நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் தாத்தாவைப் பேச விட்டு போனில் பதிந்தேன். அம்மாவின் அப்பா. பழவேற்காடு ஏரியில் பாடு எப்படி நடக்கும், எந்த இடத்தில் யார் வலை கட்டலாம், முறை எப்படிச் சுற்றி வரும், முகத்துவாரம் மணல் மூடினால் ஏரிக்கு என்ன ஆகும், வாடை அடித்தால் எந்த மீன், கச்சான் அடித்தால் எது. மொத்தம் 62 மணி நேரம். 2020-இல் தாத்தா இறந்தார். பதிந்த போன் அதற்கு முன்பே போய்விட்டது. "சர்வரில் இருக்கிறதே" என்று அதைத் துடைத்து, ஒரு கடையில் பழைய விலைக்குக் கொடுத்துவிட்டேன்.

மாமா போனை வைத்ததும் சென்னையிலிருந்தே நெட் வழியாக உள்ளே போய்ப் பார்த்தேன். டிஸ்க் இரண்டும் நன்றாக இருந்தால் அந்த இடத்தில் இரண்டு யூ எழுத்து பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அன்று இருந்தது ஒரு யூ, ஒரு அடிக்கோடு.

அதுகூட அதிர்ச்சி இல்லை. எப்போதிலிருந்து என்று பார்த்ததுதான் அதிர்ச்சி. மார்ச் 9. அன்றைக்கே ஒரு டிஸ்க் பிழை மேல் பிழை கொடுத்து, லினக்ஸ் அதைக் கூட்டணியிலிருந்து தள்ளி வைத்துவிட்டது. தள்ளி வைத்தாலும் கரண்ட் போய்க்கொண்டுதானே இருக்கும், அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. டிஸ்க் போனால் எனக்கு மெயில் வரும்படி வைத்திருந்தேன். மெயில் வந்துதான் இருந்தது, ஒரு நாள் விடாமல். கல்லூரிக் காலத்துப் பழைய முகவரிக்கு. நான் அதைத் திறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பாஸ்வேர்டை மீட்டு உள்ளே போனால் ஒரே தலைப்பில் எண்பதுக்கும் மேல் மெயில்கள், மளிகைத் தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவே.

ஆக 83 நாள் தாத்தா ஒரே டிஸ்க்கில் இருந்திருக்கிறார். நான் இரண்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அலுவலகத்தில் அடுத்தவர்களின் டிஸ்க்குகளைக் கவனித்துக்கொண்டிருந்தேன். மாமா வலையைக் காயப்போடும்போதே கை ஓட்டிப் பார்ப்பார், எங்கே அறுந்திருக்கிறது என்று. அறுந்த இடத்தில் விரல் நுழைந்துவிடும். இதில் விரல் நுழைகிற மாதிரி எதுவும் இல்லை. ஒன்று செத்த பிறகும் எல்லாப் பாட்டும் பாடும், எல்லாப் படமும் திறக்கும். கண்ணாடி டிஸ்க்கின் பெருமையே அதுதான்.

அன்றிரவே நெட்டில் இழுத்துவிடலாம் என்று பார்த்தேன். லைன் அறுந்து அறுந்து வந்தது. இரண்டு மணிக்கு விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை ரிச்சி தெருவில் கடை திறக்கும் வரை நின்று புது டிஸ்க் ஒன்று வாங்கினேன். வேண்டுமென்றே வேறு கம்பெனி. 2019-இல் நான் செய்த முதல் தப்பு, இரண்டையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியது. சீரியல் நம்பரில் கடைசி இரண்டு இலக்கம்தான் வித்தியாசம். ஒரே தொழிற்சாலையில் ஒரே வாரத்தில் பிறந்து, ஒரே அறையில் ஒரே வேலையை ஒரே நேரத்தில் செய்து கிழடான இரட்டைப் பிள்ளைகள். ஒன்றுக்கு நெஞ்சுவலி வந்தால் இன்னொன்றுக்கும் பார்க்க வேண்டும்.

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயிலில் உட்கார்ந்து போனைத் திறந்தால் வரிசையாக யாழ்ப்பாண நூலகம். ஜூன் 1 என்பது அப்போதுதான் உறைத்தது. 1981 மே 31 இரவு வைத்த தீ. ஏறக்குறைய 97,000 புத்தகங்களும் ஏடுகளும். ஒவ்வொரு வருடமும் அந்தக் கரிந்த கட்டடத்தின் படத்தைப் பார்த்து வருத்தப்பட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறவள்தான் நானும். அன்று நகர முடியவில்லை. அச்சுப் புத்தகம் எரிந்தால் வேறெங்காவது இன்னொரு பிரதி இருக்கலாம். கையெழுத்து ஏடு அப்படி இல்லை, அது இருந்த ஒரே இடம் அதுதான். 2005-இல் தொடங்கிய நூலகம் இணையத் தளத்தில் ஈழத்து நூல்களை ஸ்கேன் செய்து ஏற்றுகிறவர்களின் அவசரம் எனக்கு அந்த ரயிலில்தான் புரிந்தது. ஒரு தீயோடு ஒப்பிட எனக்குத் தகுதி இல்லை. அங்கே கொளுத்தினார்கள். என் விஷயத்தில் நான் மெயில் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கும்மிடிப்பூண்டியில் இறங்கி பஸ் பிடித்துப் போய்ச் சேர இரண்டரை மணி. வெயில் கொளுத்தியது. அத்தை மோர் கொடுத்தார். பொட்டியின் மேல் ஒரு பூத்துவாலை மடித்துப் போட்டிருந்தது.

"தூசி உழுதும்மா, அதான் மூடி வெச்சேன்."

சூட்டில் வெந்திருக்குமோ என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அத்தையைக் குறை சொல்ல வழியில்லை. 2007-இல் கூகுள் ஆட்கள் தங்களிடம் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சூட்டுக்கும் சாவுக்கும் நாம் நினைக்கிற அளவு சம்பந்தம் இல்லை என்பது அதில் வந்த ஆச்சரியங்களில் ஒன்று. மிகவும் சூடாக, மிகவும் வயதாகியிருந்தால்தான் வித்தியாசம் தெரிந்தது. துவாலையை எடுத்து மடித்து வைத்தேன். உப்புக் காற்றைச் சொல்லலாம். உள்ளே கேபிள் முனைகளில் பச்சை பூத்திருந்தது.

மூடியைக் கழற்றினேன். மேலே ஒரு டிஸ்க், கீழே ஒரு டிஸ்க். செத்தது எது?

இதுதான் இந்த வேலையிலேயே ஆபத்தான கேள்வி. என் முதல் வேலையில், நான் சேர்ந்த மூன்றாம் மாதம், ஒரு சீனியர் அண்ணன் கெட்டுப்போன டிஸ்க்கை மாற்றப் போய் நல்லதை உருவிவிட்டார். அறை முழுக்க ஃபேன் சத்தம் அப்படியே இருந்தது, ஆனால் எல்லாரும் அமைதி ஆகிவிட்ட மாதிரி எனக்கு ஞாபகம். அவர் கையில் டிஸ்க்கோடு அப்படியே நின்றார். திரும்பச் சொருகினால் சரியாகிவிடும் என்று நினைத்தார். ஆகவில்லை. அவர் கெட்டிக்காரர், பத்து வருட அனுபவம். முன்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நம்பினார், அவ்வளவுதான்.

என்னுடையதிலும் ஸ்டிக்கர் இருந்தது. லினக்ஸ் ஒன்றை ஏ என்றும் மற்றதை பி என்றும் கூப்பிடும். தள்ளி வைக்கப்பட்டது பி. மேலே இருந்த டிஸ்க்கில் என் கையெழுத்தில் பி என்று இருந்தது. ஆனால் 2022-இல் தூசி தட்டும்போது கேபிளைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். எந்தத் துளையில் எந்தக் கேபிள் என்பதைப் பொறுத்து அந்தப் பெயர்கள் மாறும். சீரியல் நம்பர் மாறாது. லேப்டாப்பை இணைத்து, பி டிஸ்க்கின் சீரியல் நம்பரை வாங்கிப் பேப்பரில் எழுதினேன்.

அதற்குள் மாமா குனிந்து இரண்டின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இஞ்சின் பழுது பார்க்கிற கை. "கீழ இருக்கறதுதான் பாப்பா. ஒதறுது பாரு."

"ஸ்டிக்கர்ல மேலனு போட்டிருக்கே மாமா."

"ஸ்டிக்கரு நீ ஒட்டினதுதான?"

டார்ச் அடித்து லேபிளைப் படித்தேன். கீழே இருந்ததுதான்.

உடனே மாற்றிவிடவில்லை. கழற்ற வேண்டுமென்றால் பொட்டியை அணைக்க வேண்டும். ஐந்து வருடம் நிற்காமல் ஓடின டிஸ்க்கை அணைத்தால் மறுபடி எழுந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எழுந்தாலும் புதுசைச் சேர்த்ததும் நடக்கப்போவது என்ன? மிச்சம் இருக்கும் அந்த ஒரே டிஸ்க்கை முதல் அங்குலத்திலிருந்து கடைசி அங்குலம் வரை இடைவிடாமல் படித்துப் புதுசில் எழுத வேண்டும். வருடக்கணக்கில் யாரும் தொடாத மூலைகளையும் சேர்த்து. கிழவனை எழுப்பி மலை ஏறச் சொல்வது மாதிரி. பல டிஸ்க்குகள் அந்த ஏற்றத்தில்தான் விழும்.

அந்தக் கிழவனின் நாடியையும் பார்த்தேன். டிஸ்க் தனக்குள்ளேயே ஒரு கணக்கு வைத்திருக்கும். கெட்டுப்போன துண்டுகளை ஒதுக்கிவிட்டு எத்தனை மாற்று இடம் கொடுத்தது என்று. செத்ததில் 1,400-க்கும் மேல். நல்லது என்று நான் நம்பிக்கொண்டிருந்ததில் 8. எட்டுதானே என்று தோன்றும். அதே கூகுள் ஆய்வில், இந்தக் கணக்கு முதல் தடவை பூஜ்யத்தைத் தாண்டிய டிஸ்க்குகள் அடுத்த 60 நாளில் சாவதற்கான வாய்ப்பு 14 மடங்குக்கும் மேல் என்று போட்டிருந்தார்கள். செத்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலேயே செத்தன என்பதும் அதில்தான் இருக்கிறது. காட்டினாலும் பயம், காட்டாவிட்டாலும் பயம்.

அதனால் முதலில் நகல். என் பையில் இருந்த போர்ட்டபிள் டிஸ்க் 500 ஜிபி. பொட்டியில் இருந்தது 1.3 டிபி. எல்லாவற்றுக்கும் இடம் இல்லை. எது முதலில் போக வேண்டும் என்று நான் உட்கார்ந்து யோசித்தது அன்றுதான். ஐந்து வருடமாக எல்லாமே பத்திரம் என்று இருந்ததால் எது முக்கியம் என்ற கேள்வியே வரவில்லை. கல்லூரியில் எடுத்த குறும்படங்கள், டவுன்லோடு செய்த சினிமாக்கள், மூன்று கோணத்தில் எடுத்த ஒரே கல்யாணம். பாதிக்கு மேல் அதுதான்.

தாத்தாவின் 62 மணி நேரம் 40 ஜிபிகூட இல்லை. பத்து நிமிட வேலை.

நகல் ஆனதும் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஏதோ ஒரு ஃபைலைத் திறந்தேன். ஸ்பீக்கர் ஆன் ஆகியிருந்தது எனக்குத் தெரியாது.

முதலில் கோழி கத்தியது. பிறகு தாத்தா இருமினார். "எழுதிக்கறியா?" என்றார். எதையும் எழுதாமல் போனை நீட்டியிருக்கிறேன் என்பது அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. பாட்டில் ஒருவன் வரவில்லை என்றால் அந்த இடத்தில் யார் வலை கட்டலாம் என்று சொல்ல ஆரம்பித்தார். நடுவில் வாசலிலிருந்து ஒரு குரல். "நைனா, சாப்ட்டியா?"

"இதோ வரேன்டா" என்றார் தாத்தா.

மாமா டீ டம்ளரோடு கதவருகில் நின்றிருந்தார். அந்த வாசல் குரல் அவருடையது. தாத்தா போய் நான்கு வருடம். இந்த வீட்டிலேயே, இந்த அறையிலேயே, மாமா தூங்குகிற இடத்திலிருந்து ஆறடி தூரத்தில் அந்தக் குரல் இருந்திருக்கிறது. அவரிடம் ஒரு தடவைகூட நான் போட்டுக் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை. பொட்டி என்னுடையது, அதில் ஏதோ ஆபீஸ் சமாச்சாரம் என்றுதான் நினைத்திருக்கிறார்.

டம்ளரை ஷெல்பில் வைத்துவிட்டு வெளியே போனார். நான் நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வெளியிலிருந்தே, "இன்னாத்துக்கு நிறுத்தின?" என்றார்.

அடுத்து ஊர்ப் போட்டோக்கள், அப்புறம் இடம் இருந்தவரை வீடியோ. ஐந்தரை மணிக்கு எல்லாம் முடிந்தது. தாத்தா பேசிக்கொண்டே இருந்தார்.

மாற்றும் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அணைத்தேன், நான்கு திருகு, இரண்டு கேபிள். கேபிள் முனையை அழிரப்பரால் தேய்த்தேன். ஆன் செய்தபோது பழைய டிஸ்க் எழுந்துகொள்ள ஒரு பத்து விநாடி எடுத்தது. அந்தப் பத்து விநாடியை எண்ணினேன். புதுசில் பழையதைப் போலவே பாகம் பிரித்து, கூட்டணியில் சேரச் சொன்னேன். 6.15-க்கு சதவீதம் ஓட ஆரம்பித்தது. முடிய ஐந்து மணி நேரம் என்று காட்டியது.

8.40-க்கு கரண்ட் போனது. இன்வெர்ட்டர் பிடித்துக்கொண்டது. ஃபேன், லைட், டிவி எல்லாவற்றையும் அத்தை அணைத்தார். "பொட்டிக்கு இருக்கட்டும்." இருட்டில் மூன்று பேரும் அந்தப் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாமா பையன் மட்டும் செத்த டிஸ்க்கைப் பிரித்துத் தரச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தான். உள்ளே பலமான காந்தம் இருக்கும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இருக்கும்தான்.

அந்த இருட்டில் எனக்கு வேறு ஒரு கவலை வந்தது. 2021-இல் தூக்கக் கலக்கத்தில் ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டேன். ஐப்பசி மழையில் எடுத்த ஏரி வீடியோக்கள். கண்ணாடி மிகுந்த விசுவாசத்தோடு இரண்டு டிஸ்க்கிலும் அழித்தது. கண்ணாடி என்பது காப்பு இல்லை என்று அன்றே எனக்குத் தெரியும், அலுவலகத்தில் புதியவர்களுக்கு நானே வகுப்பெடுப்பேன். இருந்தும் மூன்று வருடம் ஒன்றும் செய்யவில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. டெபியனில் மாதத்தின் முதல் ஞாயிறு நள்ளிரவு 12.57-க்கு இரண்டு டிஸ்க்கையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை தானாக ஓடும். ஒரு இடத்தில் இரண்டும் வேறு வேறாக இருந்தால், "வேறாக இருக்கிறது" என்று எண்ணிக்கை சொல்லும். எது சரி என்று சொல்லாது. அதற்குத் தெரியாது. இரண்டே சாட்சி, ஆளுக்கொரு பதில். இசட்எஃப்எஸ் போன்ற முறைகள் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கையொப்பம் வைத்துக்கொண்டு பொய் சொல்வது எது என்று கண்டுபிடிக்கும். நான் போட்டிருந்த எளிய கண்ணாடிக்கு அந்தத் திறமை கிடையாது. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிப்பதற்கு முன் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்தது ஏன் என்று பள்ளியில் படித்தபோது எனக்கு விளங்கவில்லை. ஒன்று கிடைத்ததே, அச்சுப் போட வேண்டியதுதானே? ஓலையைப் பார்த்து ஓலை எழுதியவன் ஒவ்வொருவனும் எங்காவது ஓர் எழுத்தை விட்டிருப்பான். பத்து ஏட்டைப் பக்கத்தில் வைத்தால்தான் எங்கே விட்டான் என்று தெரியும்.

11.20-க்கு இரண்டு யூ. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அவ்ளோதானா?" என்றார்.

மறுநாள் காலை கிளம்பும்போது அவர் தன் போனை நீட்டினார். "அப்பாது எல்லாத்தையும் இதுல போட்டுக் குடு." மெமரி கார்டில் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் வந்து அந்த 8 டிஸ்க்கையும் மாற்றினேன், இந்தமுறை அழாமல். போர்ட்டபிள் டிஸ்க் இப்போது சென்னையில் என் பீரோவில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குக் கொண்டு போய்ப் புதுசாக நகல் எடுக்கிறேன். மெயில் இப்போது எனக்கும் மாமா பையனுக்கும் வருகிறது. அவனுக்கு 15 வயது, எல்லாவற்றையும் உடனே பார்க்கிறான்.

மாமா சும்மா இருக்கவில்லை. ஒவ்வொன்றாக வாட்ஸ்ஆப்பில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறார். ஜூலையில் பெரியம்மா எனக்கு போன் பண்ணினார்.

"அந்த பதினாலாவது இருக்கு பாரு, அதுல உன் தாத்தா தப்பா சொல்றாரு. அந்த வருசம் நம்ம முறை கெழக்கு பக்கம் இல்ல. நான்தான சோறு எடுத்துக்கினு போனேன், எனக்குத் தெரியாதா?"

மாமாவிடம் கேட்டேன். கிழக்குதான் என்கிறார். மூன்றாவது ஆளாக, பொன்னேரியில் இருக்கும் சித்தப்பாவைக் கேட்க வேண்டும். ஃபைலை நான் தொடவில்லை. பக்கத்தில் ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைத்திருக்கிறேன், பெரியம்மா சொன்ன தேதியோடு.